ஜாஸ் தட்டும் கிளான் தட்டும் ஒரே ஆலையில்: 1920-களின் அமெரிக்காவில் என்ன மாறியது?

கேள்வி இதுதான்: 1920-களின் அமெரிக்கா என்றால் ஜாஸ் இசை, கத்தரித்த கூந்தலோடு பெண்கள், ரகசிய மதுவிடுதிகள் என்று கட்டவிழ்ந்த ஒரு காலத்தைக் காட்டுகிறார்கள். ஆனால் அதே பத்தாண்டில்தான் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்தது, குடியேற்றத்துக்குக் கதவடைத்தார்கள், பரிணாமக் கொள்கை சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மேல் வழக்குப் போட்டார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நடந்தன? சாதாரண ஜனங்களின் வாழ்க்கையில் என்னதான் மாறியது?

வழக்கமாக இதற்குக் கிடைக்கும் பதில், நகரம் ஒரு பக்கம், கிராமம் மறுபக்கம் என்பது. நகரத்தார் புதுமையைத் தேடினார்கள், கிராமத்தார் பழமையைக் காக்க எழுந்தார்கள், இரண்டும் மோதின என்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகர்ப்புறத்தில் வசிப்பதாக முதல்முறையாகக் காட்டியது 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். அந்தக் கணக்கின்படி பிரதிநிதிகள் சபை இடங்களை மாநிலங்களுக்கு மறுபடி பங்கிட்டிருக்க வேண்டும். கிராமப்புற உறுப்பினர்களின் கை தாழ்ந்துவிடும் என்பதால் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அதைச் செய்யாமலே பத்தாண்டைக் கடத்தியது. அந்த நாட்டு வரலாற்றில் வேறெந்தக் கணக்கெடுப்புக்கும் இப்படி நேர்ந்ததில்லை.

ஆனாலும் இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. முதலாவது, 2,500 பேர் வசித்தாலே நகரம் என்று எண்ணிய கணக்கு அது. இரண்டாவது, கிளானுக்குச் சிகாகோ, டெட்ராய்ட், டென்வர், இண்டியானாபொலிஸ் போன்ற பெரிய ஊர்களிலேயே பலமான கிளைகள் இருந்தன. மாற்றத்தை விரும்பியவர்களும் எதிர்த்தவர்களும் வேறு வேறு ஊர்க்காரர்கள் இல்லை. ஒரே தெருவில், ஒரே வீட்டில், பல சமயம் ஒரே ஆளுக்குள்ளேயே இரண்டும் இருந்தன. இதைப் பிடித்துக்கொண்டால் அந்தப் பத்தாண்டில் புரியாத பல விஷயங்கள் புரியும். அதனால் நியூயார்க்கை விட்டுவிட்டு இண்டியானா மாநிலத்திலிருந்து தொடங்குகிறேன்.

இண்டியானாவின் கிழக்கு ஓரத்தில் ரிச்மண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஸ்டார் பியானோ கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. ஜென்னெட் என்ற பெயரில் அவர்களே இசைத்தட்டும் போட்டார்கள். 1923 ஏப்ரலில் சிகாகோவிலிருந்து கிங் ஆலிவரின் கறுப்பின இசைக்குழு அங்கே பதிவு செய்ய வந்தது. குழுவில் இரண்டாவது கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசித்தவர் 21 வயது லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் வாசிப்பு இசைத்தட்டில் பதிவானது அதுதான் முதல் தடவை. அப்போது மைக் கிடையாது. பெரிய புனலுக்கு முன்னால் எல்லோரும் நெருக்கியடித்து நின்று வாசிக்க வேண்டும். சத்தத்தின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். ஆம்ஸ்ட்ராங்கின் சத்தம் மற்றவர்களை அமுக்கிவிட்டதால் அவரை மட்டும் நன்றாகப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள் என்று குழுவின் பியானோ கலைஞர் லில் ஹார்டின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே ரயில் பாதை வேறு. ரயில் வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள்.

அதே தொழிற்சாலை, காசு கொடுப்பவர்கள் கேட்டதைத் தனியாகத் தட்டில் பதிந்து அச்சடித்தும் கொடுத்தது. அப்படிக் காசு கொடுத்தவர்களில் கிளான்காரர்களும் இருந்தார்கள். கிறிஸ்தவ கீதங்களின் மெட்டில் கிளான் புகழ் பாடும் தட்டுகள் அங்கே தயாராயின. ஜாஸ் வரலாற்றின் முதல் பொக்கிஷங்களை அச்சடித்த அதே யந்திரங்கள் கிளானின் அடையாளமான எரியும் சிலுவைப் பாட்டையும் அச்சடித்தன. கிளானும் கிராமபோன் கேட்டது, கார் ஓட்டியது, விளம்பரம் செய்தது. அது புதுமைக்கு வெளியே நின்று புதுமையை எதிர்த்த கூட்டம் இல்லை.

ரிச்மண்டுக்கு வடமேற்கே கொஞ்ச தூரத்தில் மன்சி. கண்ணாடிச் சாடித் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன, 38,000 பேர் வாழ்ந்த ஊர். ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்ற தம்பதி 1924 ஜனவரியிலிருந்து ஒன்றரை வருடம் அங்கேயே தங்கி, ஊரார் எப்படிச் சம்பாதிக்கிறார்கள், எப்படிப் பிள்ளை வளர்க்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று வீடுவீடாக விசாரித்து எழுதினார்கள். சாதாரண ஜனங்களுக்கு என்ன மாறியது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய குறை உண்டு: ஊரிலிருந்த கறுப்பினத்தவரை வேண்டுமென்றே ஆய்விலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

அவர்கள் கண்ட முதல் விஷயம் கார். 1923 கடைசியில் மன்சியில் 6,221 கார்கள் ஓடின, அதாவது மூன்று குடும்பத்துக்கு இரண்டு. மிகவும் சிதிலமான வீடுகளில் இருந்துகொண்டு கார் வைத்திருந்த 26 குடும்பங்களை விசாரித்ததில், 21 வீடுகளில் குளியல் தொட்டி கிடையாது. சாப்பாட்டைக் குறைத்தாலும் குறைப்போம், காரை விட மாட்டோம் என்று ஒரு தொழிலாளியின் மனைவி சொன்னார். இதை வெறும் ஆடம்பர மோகம் என்று ஒதுக்குவது சரியில்லை. கார் வருவதற்கு முன் ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு உலகம் என்பது நடந்துபோகும் தூரமும் டிராம் போகும் தூரமும்தான். கார் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போகலாம், பக்கத்து ஊர் ஆலையில் வேலை தேடலாம், பிடிக்காத உறவுக்காரரிடமிருந்து தள்ளிக் குடியிருக்கலாம்.

விலை இறங்கியதுதான் இதற்கு வழிவிட்டது. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி 1908-ல் 850 டாலருக்கு வந்தது. 1913-ல் நகரும் தயாரிப்பு வரிசையைக் கொண்டுவந்த பிறகு வண்டியின் அடிச்சட்டம் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. 1920-களின் நடுவில் அதே கார் 260 டாலருக்குக் கிடைத்தது. நாடு முழுவதும் 1920-ல் சுமார் 80 லட்சம் கார்கள். 1929-ல் சுமார் 2 கோடியே 30 லட்சம்.

விலையை விடவும் பெரிய மாற்றம் தவணை. முந்தைய தலைமுறைக்குக் கடன் வாங்கிப் பொருள் வாங்குவது வெளியே சொல்லத் தயங்கும் காரியம். ஜெனரல் மோட்டார்ஸ் 1919-ல் கடன் கொடுப்பதற்கென்றே தனி நிறுவனம் தொடங்கியது. பத்தாண்டின் நடுவிலேயே நான்கில் மூன்று கார்கள் தவணையில் போயின. அப்புறம் ரேடியோ, சலவை யந்திரம், பியானோ, மேசை நாற்காலி என்று எல்லாம் தவணைக்கு வந்தன. கடன் ஒழுக்கக்கேடு என்று நம்பிய ஃபோர்டு 1928 வரை இந்த வழிக்கு வரவே இல்லை. அதற்குள் ஜெனரல் மோட்டார்ஸ் அவரை முந்திவிட்டது. சேமித்து வாங்கு என்று அப்பா சொன்ன வீட்டில், வாங்கிவிட்டுக் கட்டு என்று மகன் பழகினான். தேவாலயப் பிரசங்கங்கள் பயந்த மதுவும் நடனமும் செய்ததைவிட ஆழமாக இந்தப் பழக்கம் அந்த நாட்டு மனிதர்களை மாற்றியது என்பது என் எண்ணம்.

காரோடு காதலும் வெளியே போனது. முன்பெல்லாம் ஒரு பையன் பெண்ணைப் பார்க்க வந்தால் முன்னறையிலோ வாசல் திண்ணையிலோ உட்கார்ந்து பேச வேண்டும். அம்மா அடுத்த அறையில் இருப்பார். இப்போது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மன்சியில் ஒரு வருடத்தில் பாலியல் குற்றம் என்று சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட 30 பெண்களில் 19 பேரின் வழக்கில் சம்பவ இடம் கார். அதே சமயம் உயர்நிலைப் பள்ளிகள் பெருகின. நாடு முழுவதும் அங்கே படித்தவர்கள் 1920-ல் சுமார் 22 லட்சம், 1930-ல் சுமார் 44 லட்சம். பதினாறு வயதில் ஆலைக்குப் போக வேண்டிய பிள்ளை, ஒத்த வயதுக்காரர்களோடு பகலெல்லாம் பள்ளியில், சாயங்காலம் கூடைப்பந்தில், இரவில் சினிமாவில். மன்சியில் மட்டும் ஒன்பது திரையரங்குகள் மதியம் 1 மணி முதல் இரவு 11 வரை வாரம் ஏழு நாளும் ஓடின. பெற்றோரிடம் கற்றுக்கொள்வதைவிட ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் ஒரு வயது உருவானது. இன்று நாம் டீன்ஏஜ் என்று சாதாரணமாகச் சொல்வது, அமெரிக்காவில் இந்தப் பள்ளி வராந்தாக்களில்தான் உருப்பெற்றது.

இந்தச் செழிப்பு விவசாயிகள் பக்கம் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் 1920-ல் விளைபொருள் விலை சரிந்தது, அந்தப் பத்தாண்டு முழுவதும் நிமிரவே இல்லை. 1930-ல் நகரத்து வீடுகளில் பெரும்பாலும் மின்சாரம் வந்துவிட்டது. பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான். 1929 அக்டோபரில் பங்குச்சந்தை விழுவதற்கு ஒன்பது வருடம் முன்பே அவர்களுக்கு மந்தம் தொடங்கிவிட்டது.

ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்தன என்றேனே, அதற்கு ஃபோர்டையே எடுத்துக்கொள்ளலாம். பழைய கிராம வாழ்க்கையை அவரளவுக்குக் கலைத்தவர் வேறு யாரும் இல்லை. ஆனால் அவர் மனதார நேசித்தது, தான் பிறந்து வளர்ந்த அந்தக் கிராமத்தைத்தான். ஜாஸ் பிடிக்காது. பழைய ஜோடி நடனங்களைச் சொல்லிக்கொடுக்க நடன ஆசிரியரை வேலைக்கு வைத்தார். ஃபோர்டு கார் முகவர்கள் ஊர் ஊராகப் பிடில் போட்டி நடத்தினார்கள். இது அப்பாவித்தனமான ஏக்கம் என்று விட்டுவிட முடியாது. 1920 மே முதல் அவருடைய வாரப் பத்திரிகை யூதர்கள் மீது தொடர்ந்து விஷம் கக்கியது. ஜாஸ் இசைக்கும் அவர்கள்தான் காரணம் என்று பழி சுமத்தியது. கார் முகவர்கள் அந்தப் பத்திரிகைக்குச் சந்தா பிடித்துத் தர வேண்டியிருந்தது. அவதூறு வழக்கு வந்து 1927-ல் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் பத்திரிகை நின்றது. கடைசியில் டியர்பார்னில் பழைய வீடுகள், பட்டறைகள், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு மாதிரிக் கிராமத்தையே கட்டினார். அதன் தொடக்க விழா 1929 அக்டோபர் 21; மூன்று நாளில் பங்குச்சந்தை சரியத் தொடங்கியது.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். 1920 ஆகஸ்ட் 18 அன்று டென்னசி சட்டசபை ஒப்புதல் கொடுத்ததும் பெண்களுக்கு வாக்குரிமை தரும் 19-வது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர் எதிர்ப்பாளர்களின் சின்னமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்திருந்தார். பையில் அம்மா எழுதிய கடிதம் இருந்தது. ஆதரித்து ஓட்டுப் போடு என்று அதில் எழுதியிருந்தார். அவர் ஆம் என்றார், தராசு சாய்ந்தது. ஆனால் தெற்கு மாநிலங்களில் தேர்தல் வரியும் எழுத்தறிவுத் தேர்வும் அப்படியே இருந்தன. கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தத் திருத்தம் காகிதத்தில்தான் கிடைத்தது. அவர்களுக்கு இன்னும் 45 வருடம் காத்திருப்பு இருந்தது.

ஃப்ளாப்பர் என்று அழைக்கப்பட்ட இளம்பெண்கள் முடியைக் கத்தரித்தார்கள், பாவாடை முழங்காலை எட்டியது, பொது இடத்தில் புகைத்தார்கள். அவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். உழைப்பவர்களில் பெண்களின் பங்கு இந்தப் பத்து வருடத்தில் கால்வாசிப் பக்கத்திலேயே நின்றது, அதிகம் ஏறவில்லை. கல்யாணமானால் ஆசிரியை வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி எத்தனையோ ஊர்களில் இருந்தது. மின்சார இஸ்திரியும் சலவை யந்திரமும் வந்த வீடுகளில் வெளுக்க வந்த பெண் நின்றுபோனாள்; அவள் செய்த வேலை இல்லத்தரசியின் தலையில் விழுந்தது. சுத்தம் பற்றிய எதிர்பார்ப்பும் விளம்பரங்களால் கூடிக்கொண்டே போனது. உண்மையான மாற்றம் குடும்பத்தின் அளவில் தெரிந்தது. மார்கரெட் சாங்கர் 1921-ல் கருத்தடைக்கான சங்கத்தை அமைத்தார். சட்டம் தடுத்தும் பெண்கள் வழி தேடிக்கொண்டார்கள், பிள்ளைப்பேறு குறைந்தது.

இங்கே நான் சுட்டிக்காட்ட விரும்பும் பெண் டெய்சி டக்ளஸ் பார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர். மன்சியில் ஊழியம் செய்தபோது சாராயக் கடைகளை மூடப் போராடியவர். நல்ல பேச்சாளர், குடியரசுக் கட்சியில் மாநில அளவில் பதவி வகித்தவர். பெண்கள் மேடையேறவும் ஓட்டுப் போடவும் வேண்டும் என்றவர். 1923 வாக்கில் இண்டியானாவில் பெண்கள் கிளானுக்குத் தலைமை தாங்கியவரும் இவரேதான். இதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. குடிகாரக் கணவர்களிடமிருந்து வீட்டைக் காப்பதும், கத்தோலிக்கர்களிடமிருந்தும் யூதர்களிடமிருந்தும் நாட்டைக் காப்பதும் அவர் பார்வையில் ஒரே பணி.

மதுவிலக்கையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். 1920 ஜனவரி 17-ல் அமலுக்கு வந்த அந்தத் தடையைக் கிறுக்குத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. கணவன் சம்பளத்தை மதுக்கடையில் தொலைத்துவிட்டு வந்து அடிக்கும் கொடுமையை அனுபவித்த பெண்களின் நெடுநாள் போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. அதற்கு வழி திறந்தவை வேறு இரண்டு விஷயங்கள். 1913-ல் வருமான வரி வந்ததால் மது வரியை நம்பியிருந்த மத்திய அரசு அதை விட்டுக்கொடுக்க முடிந்தது. போர்க்காலத்தில் ஜெர்மானியர் மேல் வெறுப்பு மூண்டபோது, பீர் ஆலை முதலாளிகள் பெரும்பாலும் ஜெர்மன் பெயர் கொண்டவர்களாக இருந்தார்கள்.

சட்டம் தடுத்தது தயாரிப்பு, விற்பனை, கடத்தல் ஆகியவற்றை. குடிப்பதைத் தடுக்கவில்லை. முன்கூட்டி வாங்கி நிலவறையில் அடுக்கிவைக்க வசதியுள்ளவர்களுக்குக் கவலையே இல்லை. டாக்டர் சீட்டுக்கு விஸ்கி கிடைத்தது, பூசைக்குத் திராட்சை மது கிடைத்தது. ஆரம்ப வருடங்களில் நாட்டில் குடி நன்றாகவே குறைந்தது என்பதும் உண்மை. குறிப்பாகத் தொழிலாளர்களிடம், ஏனென்றால் விலை அவர்களுக்கு எட்டவில்லை. அப்புறம் கள்ளச் சந்தை வேரூன்றியது. சிகாகோவில் அல் கபோனைப் போன்றவர்கள் பெருத்தார்கள். குடிக்கவிடாமல் செய்ய அரசே தொழிற்சாலை ஆல்கஹாலில் சேர்க்கும் விஷத்தைக் கூட்டியது. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க்கில் அதைக் குடித்துப் பலர் செத்தார்கள். ஏழைகள் குடித்த சரக்கு அதுதான். குடியைத் தடுக்க ஓர் அரசு தன் குடிமக்களுக்கு விஷம் கலந்ததை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. பழைய மதுக்கடை ஆண்களுக்கு மட்டுமானது. ரகசிய விடுதியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் போராடிக் கொண்டுவந்த சட்டத்தால் பெண்கள் பொதுவில் குடிப்பது சகஜமானது. 1929-ல் மதுவிலக்கை நீக்கக் கோரி அமைப்பு கட்டியவரும் பாலின் சபின் என்ற பெண்தான். 1933 டிசம்பரில் தடை நீங்கியது.

இனி கிளான். 1915-ல் ஜார்ஜியாவில் மறுபடி தொடங்கப்பட்ட அது ஐந்து வருடம் சோம்பிக் கிடந்தது. 1920-ல் எட்வர்ட் யங் கிளார்க், எலிசபெத் டைலர் என்ற இரண்டு விளம்பரத் தொழில்காரர்களிடம் ஆள் சேர்க்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. உறுப்பினர் கட்டணம் 10 டாலர். ஆளைச் சேர்த்துவிட்டவருக்கு அதில் 4 டாலர். மீதி மேலே மேலே பிரிந்து போகும். வெள்ளை அங்கியையும் அமைப்பிடம்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் எதற்குப் பயம் இருக்கிறதோ அதையே விற்றார்கள்: தெற்கே கறுப்பர்கள், மேற்குக் கடற்கரையில் ஜப்பானியர்கள், இண்டியானாவில் போப்பாண்டவர். கூடவே குடும்பத்தோடு போகும் விருந்து, பேண்டு வாத்தியம், பேஸ்பால் அணி. பத்தாண்டின் நடுவில் 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் பேர் வரை சேர்ந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இண்டியானாவில் அங்கேயே பிறந்த வெள்ளை ஆண்களில் கால்வாசிக்கும் மேலானவர்கள் ஏதோ ஒரு சமயம் உறுப்பினர்கள். அதில் பல் மருத்துவரும் கடைக்காரரும் போதகரும் இருந்தார்கள். 1924 தேர்தலில் ஆளுநர் பதவியே அவர்கள் ஆதரவு பெற்றவருக்குப் போனது. 1925 ஆகஸ்டில் தலைநகர் வாஷிங்டனில் முகத்திரை இல்லாமல் பகிரங்கமாக ஊர்வலம் போனார்கள்.

சரி, விழுந்தது எப்படி? இண்டியானா தலைவர் டி. சி. ஸ்டீபன்சன் 1925-ல் ஓர் இளம்பெண்ணைக் கடத்திச் சிதைத்தார். அவர் சாகும் முன் கொடுத்த வாக்குமூலம் ஸ்டீபன்சனைக் கொலைக் குற்றவாளி ஆக்கியது. பெண்களின் கற்பைக் காக்கிறோம் என்று சொல்லி ஆள் சேர்த்த இயக்கத்தை மக்கள் கூட்டம் கூட்டமாக விட்டுப்போனார்கள். இன்னொரு காரணமும் உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கறுப்பின மக்களுக்கு இந்தப் பத்தாண்டு தெற்கிலிருந்து வடக்கே இடம்பெயர்ந்த காலம். பருத்தியைப் பூச்சி தின்றது, வடக்கே ஆலைகளில் போரின்போது ஆள் பஞ்சம், ஊரில் கும்பல் கொலை. ரயிலில் சுமை தூக்கியவர்களும் படுக்கைப் பெட்டி ஊழியர்களும் சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகையை மறைத்துத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதைப் படித்துவிட்டு லட்சக்கணக்கானவர்கள் வண்டியேறினார்கள். ஆம்ஸ்ட்ராங் 1922-ல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோ போனதும் இதே அலையில்தான். நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் லாங்ஸ்டன் ஹியூஸ், சோரா நீல் ஹர்ஸ்டன் போன்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் அதே ஹார்லெமில் டியூக் எலிங்டன் 1927 முதல் வாசித்த காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பர்கள், பார்வையாளர் வரிசையில் வெள்ளையர் மட்டும். ஓக்லஹோமாவின் டல்சாவில் 1921-ல் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட் பகுதியையே எரித்தது. செழிப்பாக இருந்த சுமார் 35 தெருக்கட்டுகள் சாம்பலாயின. அந்தச் செய்தி பல பத்தாண்டுகள் பள்ளிப் பாடங்களில் வரவே இல்லை.

டென்னசியின் டேட்டன் ஊரில் 1925 ஜூலையில் நடந்த, பரிணாமம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மேலான வழக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரிணாமம் கற்பிக்கத் தடை போட்டது, பெண்களுக்கு வாக்குரிமை உறுதி செய்த அதே டென்னசி. அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனும் பெண் வாக்குரிமையை ஆதரித்தவர், ஏழை விவசாயிகளுக்காக மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்றவர். ஸ்கோப்ஸ் தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோவின் குறுக்கு விசாரணையில் அவர் திணறியதை மட்டும் நினைவில் வைக்கிறோம். ஸ்கோப்ஸ் பயன்படுத்திய பாடப்புத்தகத்தில் இனங்களை மேல் கீழாக அடுக்கிய பகுதி இருந்தது, பலவீனர்கள் பிள்ளை பெறக்கூடாது என்ற கருத்தும் இருந்தது. அது அன்று விஞ்ஞானம் என்ற பெயரில் மதிக்கப்பட்டது. 1927-ல் கேரி பக் என்ற பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்த நீதிபதிகள் படித்த, நகரத்து, நவீன மனிதர்கள்.

அதே விஞ்ஞானம்தான் குடியேற்றச் சட்டத்துக்கும் பயன்பட்டது. 1921-ல் தற்காலிக ஒதுக்கீடு. 1924 மே 26-ல் நிரந்தரச் சட்டம். 1890-ல் அமெரிக்காவில் எந்த நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ அதில் 2 சதவீதம்தான் அந்த நாட்டிலிருந்து வருடந்தோறும் வரலாம் என்றார்கள். 1890-ஐத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருவாரியாக வந்தது அதற்குப் பிறகுதான். போருக்கு முன் சில வருடங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேல் வந்த இத்தாலியர்களுக்குக் கிடைத்த இடம் 4,000-க்கும் கீழ். கிளான் கேட்டதைக் காங்கிரஸ் பெருவாரியான ஓட்டில் சட்டமாகவே கொடுத்துவிட்டது. கிளான் கரைந்ததற்கு நான் சொல்ல வந்த இன்னொரு காரணம் இதுதான்: பயத்தை விற்றவர்களுக்கு விற்க அதிகம் மிச்சமில்லை.

ஆசியர்களுக்கு அந்த 2 சதவீதமும் கிடையாது. 1917 சட்டமே இந்தியா உள்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து ஆட்கள் வருவதைத் தடுத்துவிட்டது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்களின் கதை 1923-ல் முடிந்தது. பகத் சிங் திண்ட் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பஞ்சாபி சீக்கியர். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்றிருந்த சட்டத்தில், உயர்சாதி ஆரியர் என்பதால் தானும் வெள்ளையரே என்று அவர் தரப்பு வாதாடியது. நம்முடைய சாதி அடுக்கை அங்குள்ள நிற அடுக்கோடு ஒட்டவைக்கப் பார்த்த அந்த வாதம் படிக்க வருத்தமாக இருக்கிறது. உச்ச நீதிமன்றம், சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அவர்தான் வெள்ளையர் என்று சொல்லி நிராகரித்தது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ வியாபாரி வைஷ்ணோ தாஸ் பகாய் அப்படிப் பறிகொடுத்தவர்களில் ஒருவர். 1928-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். காரணத்தை விளக்கி அவர் எழுதிய கடிதம் நகரப் பத்திரிகையில் வெளியானது.

1924 சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களில் புரூக்ளினிலிருந்து புதிதாகத் தேர்வாகி வந்த இமானுவேல் செல்லர் என்ற உறுப்பினரும் ஒருவர். அன்று அவர் தோற்றார். ஆனால் சபையை விட்டுப் போகாமல் ஐம்பது வருடம் அங்கேயே இருந்தார். 1946-ல் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் தகுதியும் வருடத்துக்கு 100 இடமும் கொடுத்த சட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. நாட்டுவாரி ஒதுக்கீட்டையே ஒழித்த 1965 சட்டத்திலும் அவர் பெயர் இருக்கிறது. தமிழர்கள் குடும்பம் குடும்பமாக அமெரிக்காவில் குடியேறத் தொடங்கியது அந்த 1965-க்குப் பிறகுதான்.